பேரூராட்சிக் குடிநீர்த் திட்டம்: 2056-ல் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

வள்ளியூர்_சிவில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சிவில் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக ஒரு கன்சல்டன்ட் ஆபீஸில் இருக்கிறேன். நாங்குநேரி பக்கம் ஒரு பேரூராட்சிக்குக் குடிநீர்த் திட்டத்துக்கு டிபிஆர் (விரிவான திட்ட அறிக்கை) போடுகிறோம். அடிப்படை ஆண்டு 2026, இடை ஆண்டு 2041, இறுதி ஆண்டு 2056. மக்கள்தொகை அத்தியாயம் என் தலையில்.

1971 முதல் 2011 வரை ஐந்து சென்சஸ் கையில் இருக்கிறது. அரித்மெட்டிக் (பத்தாண்டுக்கு ஒரே எண்ணிக்கையைக் கூட்டுவது), ஜியோமெட்ரிக் (ஒரே விகிதத்தில் பெருக்குவது), இன்க்ரிமென்டல் (கூடுகிற எண்ணிக்கையே மாறுவதையும் சேர்ப்பது) என்று மூன்று முறையிலும் போட்டுப் பார்த்தேன். 2056-க்கு மூன்றும் மூன்று திசையில் போகிறது. சின்ன எண்ணைவிடப் பெரிய எண் ஒன்றரை மடங்கு. ஆபீஸில் கேட்டால், "பெரியதையே போடு, கூடினால் யாரும் கேட்க மாட்டார்கள், குறைந்தால்தான் கேட்பார்கள்" என்கிறார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அது என் அம்மா பிறந்த ஊர். ஆச்சி வீட்டுத் தெருவில் வரிசையாகப் பூட்டின வீடுகள். அதே ஊரில் மெயின் ரோட்டுப் பக்கம் போனால் பிளாட் போட்டுக் கல் ஊன்றியிருக்கிறார்கள். 2021-ல் சென்சஸும் எடுக்கவில்லை. இந்த ஊரை எந்தச் சூத்திரத்தில் அடக்குவது?

பாலிடெக்னிக்_வாத்தியார்:

தம்பி, என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு கணக்கு கொடுப்பேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். நாம் 1981-ல் உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் நான்கு சென்சஸ் கையில் உண்டு: 1951-ல் 3.01 கோடி, 1961-ல் 3.37 கோடி, 1971-ல் 4.12 கோடி, 1981-ல் 4.84 கோடி. இதை மட்டும் வைத்து 2011-ஐச் சொல்ல வேண்டும்.

அரித்மெட்டிக்கில் பத்து வருஷத்துக்குச் சராசரி 61 லட்சம் கூடுகிறது. மூன்று பத்தாண்டைக் கூட்டினால் 6.67 கோடி. ஜியோமெட்ரிக்கில், 30 வருஷத்தில் 1.607 மடங்கு ஆகியிருக்கிறது. அடுத்த 30 வருஷத்துக்கும் அதே மடங்கைப் போட்டால் 7.78 கோடி. இன்க்ரிமென்டல் 7.76 கோடி தரும். 2011-ல் எண்ணியபோது வந்தது 7.21 கோடி. ஒன்று அரைக் கோடிக்கு மேல் குறைச்சல், மற்ற இரண்டும் அரைக் கோடிக்கு மேல் அதிகம். அரித்மெட்டிக்குக்கும் ஜியோமெட்ரிக்குக்கும் சராசரி எடுத்தால் 7.22 கோடி, கிட்டத்தட்ட அச்சாக வந்து உட்காரும். சராசரி எடுங்கள் என்பது என் யோசனை.

இன்னொன்று. எல்லை மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1981-ன் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் தூத்துக்குடியும் இருந்தது, 1986-ல்தான் பிரிந்தது. 2011-ன் மாவட்டத்துக்குள் தென்காசி இருந்தது, 2019-ல் பிரிந்தது. திருநெல்வேலி மாநகராட்சி 1994-ல் வந்தது. அதற்கு முன்னால் நெல்லை, பாளை (பாளையங்கோட்டை), மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாம் தனித்தனி. இது தெரியாமல் எண்களை வரிசையாக எழுதினால், பிறப்பு இறப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஏற்ற இறக்கம் கணக்கில் ஏறிவிடும். உங்கள் பேரூராட்சியிலும் பக்கத்துக் குக்கிராமம் எதையாவது நடுவில் சேர்த்தார்களா என்று விசாரியுங்கள்.

ஆத்துத்தண்ணி:

வாத்தியார் ஐயா எல்லையைப் பற்றிச் சொன்னது ரொம்ப முக்கியம். அந்த 1981 கணக்கும் சரி. ஆனால் சராசரியை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளாதீங்க தம்பி. அது அந்த முப்பது வருஷத்துக்கு வாய்த்த பொருத்தம். நடுவில் பிள்ளைப்பேறு குறைந்ததால் மக்கள்தொகை வளைவு கீழே வந்தது. இன்றைக்கு தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மக்கள்தொகை அப்படியே நிற்கவே 2.1 வேண்டும். மத்திய அரசின் வல்லுநர் குழு 2036-க்குத் தமிழ்நாட்டுக்குப் போட்ட கணிப்பு 7.8 கோடி அளவில்தான் இருக்கிறது. 2011-லிருந்து 25 வருஷத்தில் எட்டு சதம். மாநிலமே அப்படி இருக்க, ஒரு பேரூராட்சி இரட்டிப்பாகும் என்று நம் கணக்கு சொன்னால், அந்த ஆட்கள் வேறெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று நாம் சொல்ல முடிய வேண்டும்.

மாநிலம் பெரிய குளம். எந்த மடையில் திறந்தாலும் தண்ணீர் ஆயக்கட்டுக்குள்ளேதான் நிற்கும். பேரூராட்சி அதில் ஒரு வயல். பக்கத்து வரப்பை வெட்டினால் நிறையும், அடைத்தால் காயும். நம் பக்கத்தில் இப்போது ஊர் பெருக்கிறதும் சிறுக்கிறதும் பிறப்பால் இல்லை, ஆட்கள் குடிவருவதாலும் குடிபோவதாலும். 2001-க்கும் 2011-க்கும் நடுவில் மாநிலம் 15.6 சதம் கூடியபோது, தென்காசியும் சேர்ந்த பழைய நெல்லை மாவட்டம் 27.24 லட்சத்திலிருந்து 30.77 லட்சம், அதாவது 13 சதம்தான் கூடியது. மிச்சம் சென்னையிலும் திருப்பூரிலும் பம்பாயிலும் வளைகுடாவிலும் இருக்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். குடிநீர் வேலையில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொண்ணூறுகளில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், திசையன்விளை பக்கம் தேரி மணல் ஓரத்து ஊர் ஒன்றுக்கு நானே கணக்குப் போட்டேன். நீங்கள் இப்போது போடுகிற அதே ஜியோமெட்ரிக். பெரிய எண்ணைப் போடு என்று எனக்கும் மேலே இருந்து சொன்னார்கள், போட்டேன். பெரிய மேல்நிலைத் தொட்டி எழும்பியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே ஊருக்கு ஆய்வுக்குப் போனேன். தொட்டி ஆபரேட்டர் என்னைக் கடைசித் தெருக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கிற கருவி) தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டோம். கொஞ்சமாவது மஞ்சள் காட்ட வேண்டும். குழாய்க் கடைசியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் நிற்க வேண்டும் என்பது கணக்கு. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். நிறமே மாறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. ஆபரேட்டர் தினமும் குளோரின் மருந்து போடத்தான் செய்கிறார். ஆனால் தொட்டியில் ஏற்றிய தண்ணீரை இழுக்க ஊரில் ஆள் இல்லை. மூன்று நாள் கிடந்து, மருந்து செத்து, அப்புறம்தான் குழாய்க்கு வருகிறது. அந்தத் தெருவில் குடம் வைத்துக்கொண்டு நின்றது மூன்று வயசான பொம்பளைகள் மட்டும்.

அப்போது அவர் சொன்னார்: "சார், இந்தத் தொட்டி வருஷத்துல பத்து நாளைக்குப் பத்தாது, மிச்ச நாளைக்குத் தீராது."

அந்தப் பத்து நாள் எது என்று நெல்லைச் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், பிறகு அம்மன் கோயில் கொடை (திருவிழா). அடுத்த வருஷம் உத்திரத்துக்கு நான் வேண்டுமென்றே அங்கே போனேன். சென்னை, பம்பாய் வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. பூட்டின வீடு ஒன்றுகூட இல்லை. ஒரு வீட்டில் இருபது பேர். விடியற்காலம் நாலு மணிக்கே தொட்டி காலி. டிராக்டரில் தண்ணீர் வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. பொங்கல் பானை வைக்க வேண்டியவர்கள் அதுவரை வாசலிலேயே காத்துக் கிடந்தார்கள்.

இதில் சென்சஸுக்கு ஒரு தொடர்பு உண்டு. 2011 கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை, மார்ச் 1-ஐ வைத்து. அடுத்ததும் 2027 மார்ச் 1-ஐ வைத்துத்தான் என்று அறிவித்திருக்கிறார்கள். பங்குனி உத்திரம் மார்ச் நடுவுக்கு முன்னால் வராது. ஆகவே நம் ஊர்கள் நிறையும்போது இருக்கிற ஆட்களை இந்தச் சென்சஸ்கள் பார்ப்பது கிடையாது. சென்சஸைக் குறை சொல்லவில்லை. வழக்கமாக வசிக்கிறவரை எண்ணுவது அதன் வேலை, அதைச் சரியாகத்தான் செய்கிறது. திருவிழா ஆளை எண்ண வேண்டியது நாம்.

அதனால் சூத்திரத்தை ஓரமாக வையுங்கள், எறிய வேண்டாம். முதலில் இன்றைக்கு ஊரில் எத்தனை பேர் என்பதைப் பிடியுங்கள். செயல் அலுவலர் மூலமாக மின்வாரியத்தில் கேளுங்கள், தெருவாரியாக வீட்டு இணைப்பும் இரண்டு மாச ரீடிங்கும். 100 யூனிட் இலவசம் என்பதால் பில் பூஜ்யமாக வரும், அதை நம்பாதீங்க. ரீடிங்கே ஏறாத வீடுதான் பூட்டின வீடு. ரேஷன் கார்டையும் வோட்டர் லிஸ்டையும் மட்டும் வைத்து ஆள் எண்ணாதீங்க. ஊரைவிட்டுப் போனவர்கள் இரண்டையும் இங்கேயே வைத்திருப்பார்கள். வாடகைக்கு வந்தவர்களும் வடமாநிலத்துப் பையன்களும் இரண்டிலும் இருக்க மாட்டார்கள். எல்லாத்தையும்விட நம்பகமான ஆள் தண்ணீர் திறந்துவிடுகிறவர். அவரோடு காலையில் ஒரு சுற்று நடந்தால் எந்தத் தெரு உயிரோடு இருக்கிறது என்று கையில் எழுதித் தருவார்.

அப்புறம் ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள். பழைய தெருக்களுக்கு வளர்ச்சி பூஜ்யம் என்று போட்டாலும் தப்பில்லை. ரோட்டோரத்து மனைப்பிரிவுகளுக்கு, ஒப்புதல் வாங்கிய மனை எத்தனை, அதில் போன ஐந்து வருஷத்தில் எத்தனை வீடு எழும்பியது, அந்த வேகத்தில் எந்த வருஷம் நிரம்பும் என்று பாருங்கள். பாளையில் பெருமாள்புரமும் கேடிசி நகரும் நிரம்பினதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. அங்கே பழைய நகராட்சி வளைவை நீட்டி யாரும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. இரண்டையும் கூட்டி வருகிற எண்ணை உங்கள் மூன்று சூத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். எது பக்கத்தில் வருகிறதோ அதை அறிக்கையில் எழுதி, ஏன் என்று ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தி இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போட்டதுதான் என் மனசில் இன்னும் உறுத்துகிறது.

கடைசியாக ஒன்று. ஆள் கணக்கில் பத்து சதம் கூடுமா குறையுமா என்று மண்டையை உடைக்கிறோம். பாதாளச் சாக்கடை வருமா வராதா என்று யாராவது கேட்டார்களா? மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேட்டுக் கணக்கில், சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், வந்தால் 135. 20,000 பேருக்கு ஒரு நாளைக்கு 14 லட்சம் லிட்டர் என்பது 27 லட்சம் ஆகிவிடும். முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வார்டு_மெம்பர்_அக்கா:

ஆத்துத்தண்ணி அண்ணாச்சி சொன்னதைப் படிச்சு எனக்குக் கண்ணு கலங்கிட்டு. எங்க பேரூராட்சியிலயும் உத்திரத்துக்கு இதே கதைதான். லாரித் தண்ணிக்கு ஒரு மாசம் முந்தியே தீர்மானம் போட்டுக்கிடுவோம்.

தம்பி, குடிநீருக்கு மட்டும் இல்ல, பள்ளிக்கூடத்துக்கும் இந்தக் கணக்கு வரும். போன வருஷம் எங்க ஊர் பள்ளிக்கூடத்துக்குக் கூடுதல் வகுப்பறை கேட்டு, பிறப்புச் சான்று கணக்கை எடுத்துக்கிட்டு வந்தாங்க. நான் ஒண்ணு சொன்னேன். நம்ம பிள்ளைங்க முதல் பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு வாரா. பிள்ளை பெத்து மூணு மாசம், அஞ்சு மாசம் இருந்துட்டுப் போயிருதா. பிறப்பு இங்க பதிவாகும், அந்தப் பிள்ளை ஒண்ணாம் வகுப்புல சேருறது திருப்பூர்லயோ சென்னையிலயோ. அங்கன்வாடி டீச்சர் நோட்டைப் பாருங்கன்னேன். ரெண்டு வயசு, மூணு வயசு ஆகியும் அந்த நோட்டுல இருக்கிற பிள்ளைதான் நம்ம ஊர்ப் பிள்ளை. பார்த்தாங்க, வகுப்பறை வேண்டாம், இருக்கிற கட்டடத்துக்குக் கூரை போட்டாப் போதும்னு ஆச்சு. அந்த நோட்டை உங்க அறிக்கைக்கும் எடுத்துக்கிடுங்க.

எங்க ஊர்ல கூடுறது வயசானவங்க. பம்பாயில வேலை முடிச்சவங்க வீடு கட்டித் திரும்பி வாராங்க. அவங்களால கீழ குழாயடியில குனிஞ்சு குடம் தூக்க முடியாது. வீட்டுக்கு வீடு இணைப்பு வேணும், தெருக்குழாய் எண்ணிக்கையைக் கூட்டி எழுதாதீங்க. ஆஸ்பத்திரிக்கு எத்தனை கட்டில்னு யாராவது கணக்குப் போட வந்தா அவங்ககிட்டயும் இதைச் சொல்லுங்க.

வள்ளியூர்_சிவில்:

அண்ணாச்சி, அக்கா, வாத்தியார் சார், மூணு பேருக்கும் நன்றி. அக்கா சொன்ன பேறுகால விஷயம் எனக்குத் தோணவே இல்லை, நானே அந்த ஊரில்தான் பிறந்தேன்.

இன்றைக்கு விடியற்காலம் ஆபரேட்டரோடு ஆச்சி தெருவை மட்டும் நடந்து பார்த்தேன். 41 வீடு. 17 பூட்டு. ஆள் இருக்கிற 24 வீட்டில் ஒன்பது வீட்டில் ஒரே ஒரு ஆள். வீட்டுக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று நான் போட்டிருந்த பெருக்கலை அங்கேயே அடித்துவிட்டேன்.

அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. பழைய தெரு வளராது, மனைப்பிரிவு வளரும் என்று எழுதிவிட்டு, அந்த மனைகளும் நிரம்பாமல் போனால் நானும் பெரிய தொட்டியைக் கட்டின ஆள் ஆகிவிடுவேனே?

ஆத்துத்தண்ணி:

நல்ல கேள்வி. எல்லாத்தையும் 2056-க்குக் கட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை தம்பி. மத்திய அரசின் அந்த 1999 குடிநீர்க் கையேட்டையே எடுத்துப் பாருங்க. ஊற்றுக் கிணறும் மெயின் குழாயும் பகிர்மானக் குழாயும் 30 வருஷத்துக்கு, மோட்டாரும் சுத்திகரிப்பும் மேல்நிலைத் தொட்டியும் 15 வருஷத்துக்கு.

குழாயை மண்ணுக்குள் புதைத்து மேலே சிமெண்ட் ரோடு போட்ட பிறகு திரும்பத் தோண்டுவது பெரும்பாடு. 150 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 200 போட்டால் அதே அழுத்த இழப்பில் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் போகும், செலவு அந்த அளவுக்குக் கூடாது. அதனால் ஆற்றிலிருந்து வருகிற மெயினில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். ஆனால் பழைய தெருக் கிளைக் குழாய்களில் தாராளம் வேண்டாம், அங்கே தண்ணீர் தேங்கி மருந்து செத்துப்போகும். தொட்டியை 2041-க்கு மட்டும் கட்டுங்கள். மனைப்பிரிவுப் பக்கம் இரண்டாவது தொட்டிக்கு இடத்தை இப்போதே பேரூராட்சி பேரில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். மனை விற்று முடிந்த பிறகு அந்தப் பக்கம் ஒரு சென்ட் கிடைக்காது. மெயினில் அந்த இடத்துக்கு நேராக ஒரு 'டீ' இணைப்பும் (கிளைக் குழாய் பிரிகிற துண்டு) வால்வும் விட்டு மூடி வையுங்கள். 2027 கணக்கு வந்ததும் துண்டு துண்டாகப் போட்டதைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்றும் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

உத்திரத்துக்கென்று தனி மேல்நிலைத் தொட்டி கட்டாதீங்க. தரைமட்டத் தொட்டி ஒன்றும் லாரி நிரப்புகிற முனை ஒன்றும் கோயில் பக்கம் போதும். அதற்கு முந்தின வாரம் தெருவாரியாக முறை வைத்துத் திறக்க வேண்டும். அந்த அட்டவணையை ஆபரேட்டரைக் கேட்டே போடுங்கள்.

வள்ளியூர்_சிவில்:

சரி அண்ணாச்சி. மெயின் 2056-க்கு, தொட்டி 2041-க்கு என்று பிரித்து எழுதி இன்று ஆபீஸில் காட்டினேன். சாக்கடைத் திட்டம் பற்றிப் பேரூராட்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்கு என்று சொல்லியிருக்கிறார்கள், கடிதம் தயார் செய்துவிட்டேன். சனிக்கிழமை தண்ணீர் விடுகிற நேரத்துக்கு மீதித் தெருக்களுக்குப் போகிறோம். அங்கன்வாடி டீச்சரும் நோட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.